சுங்கை சிப்புட் மாடி வகுப்பு: அளவு ஜாடியில் தொடங்கும் பாடம்

முதல் நாள் நாங்கள் படியேறி உட்கார்ந்ததும், தாதியர் பாடம் நடத்தும் ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் கேட்டது ஒரே கேள்விதான். "எல்லாரும் கீழே கடையில தே குடிச்சிட்டுத்தானே வந்தீங்க? அந்தக் கிளாஸ்ல எத்தன மில்லி இருந்துச்சு?"

பதினொரு பேர் இருந்தோம். ஒருத்தி 150 என்றாள், இன்னொருத்தி 300 என்றாள். நான் 200 என்றேன். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அதே கிளாஸில் சிஸ்டர் குழாய்த் தண்ணீரை நிரப்பி, அளவு ஜாடியில் ஊற்றிக் காட்டினார். 240. "வார்டுல ஒரு பாட்டி நாளைக்கு அஞ்சு கிளாஸ் குடிப்பாங்க. கிளாஸுக்கு நாப்பது மில்லி கொறைச்சு எழுதுனா, 200 மில்லி காணாமப் போயிடும். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் டிரிப் எழுதுவாரு."

அந்த நாற்பது மில்லி நான் தப்பாகச் சொன்ன நாற்பது மில்லி. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

நான் தாதியர் டிப்ளோமா படிப்பில் இரண்டாம் ஆண்டு. உடலின் திரவம், எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புச் சத்துகள்), அமில காரச் சமநிலை என்ற பாடத்தில் போன பருவம் 41 மதிப்பெண் வாங்கினேன், தேறவில்லை. என் கல்லூரியில் அந்தப் பாடம் இரண்டே விரிவுரைகளில் ஓடி முடிந்தது. திரையில் அட்டவணைக்கு மேல் அட்டவணை. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5.0 என்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தேர்வில் எண்ணைக் கேட்கவில்லை. ஒரு நோயாளியைச் சொல்லி, முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். எதுவும் எழுத வரவில்லை.

மறுதேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, லிந்தாங்கிலிருந்து வரும் தோழி ஒருத்தி இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னாள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே உள்ள மாடி அறை. நடத்துகிறவர் அரசாங்க மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொன்னதால் இங்கேயும் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை. மொத்தம் 160 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு தவணையாகக் கட்டலாம். பதினொன்றரைக்கு முடியும் என்று எழுதியிருக்கிறதே தவிர, ஒரு நாளும் பன்னிரண்டுக்கு முன்னால் நாங்கள் இறங்கியதில்லை.

நான் சேர்ந்ததற்கு மதிப்பெண் மட்டும் காரணம் இல்லை. என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, டயாலிசிஸ் நடக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை. போன ஆண்டு ஒரு நீண்ட விடுமுறையில் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். "உடம்பு சூடா இருக்கு, எளநி குடிங்க" என்று அன்பாக இரண்டு காய் வெட்டிக் கொடுத்தார்கள். வாழைப்பழமும் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆயாவால் எழுந்து நிற்க முடியவில்லை, கால் துவண்டு போனது. மருத்துவமனைக்குக் கொண்டு போனதும் நெஞ்சில் ஒட்டி எடுத்த இ.சி.ஜி. தாளைப் பார்த்து மிசி (தாதி) ஓடினார். பொட்டாசியம் 7.1. 'லைட்டிக் காக்டெய்ல்' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தாதியர் படிப்பு படிக்கும் பேத்தி நான், பக்கத்திலேயே நிற்கிறேன். அங்கே நடப்பது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆயா பிழைத்துக்கொண்டார். அந்தக் காலை நேரம் மட்டும் என்னை விடவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் இரண்டு ஞாயிறும் சிஸ்டர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அளக்கத்தான் சொன்னார். கஞ்சிக் கிண்ணம், சூப்புக் கிண்ணம், மைலோ கப், மருந்து விழுங்கக் கொடுக்கும் சின்னக் கோப்பை. ஐஸ் கட்டியை ஒரு கப் நிறைய வைத்து உருக விட்டோம். ஏறத்தாழ அரைக் கப் தண்ணீர்தான் தேறியது. அதனால் ஐஸ் சாப்பிட்டால் அதில் பாதியைத்தான் எழுத வேண்டும். அப்புறம் ஒரு பேம்பர்ஸை உலர்ந்தபடி எடை போட்டு, தண்ணீர் ஊற்றி மறுபடியும் எடை போட்டோம். கூடின ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. இதைக் கல்லூரியிலும் ஒரு வரியில் படித்திருந்தேன். கையில் அந்தப் பேம்பர்ஸ் கனத்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

சிறுநீருக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு, மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. நான்கு மணி நேரத்தில் 120. அதற்குக் கீழே போனால் தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதோடு தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்பில் எடை பார்ப்பது. ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை இல்லை, ஒரு லிட்டர் தண்ணீர். "சார்ட்டுல பொய் எழுதலாம், தராசுல எழுத முடியாது" என்றார் சிஸ்டர்.

வார்டில் கேட்க வேண்டிய கேள்விகளை மலாயிலும் சொல்லிப் பழக்கினார். "பாக்சிக், சுடா கெஞ்சிங்?" (மாமா, சிறுநீர் கழித்தாயிற்றா?) என்று கூச்சப்படாமல் கேட்க எங்களில் நான்கு பேருக்கு வாய் வரவே இல்லை. ஒவ்வொருவரையும் எழுந்து நின்று கேட்க வைத்தார். கேட்கக் கூச்சப்படுகிற தாதி மனதுக்குத் தோன்றியதை எழுதிவிடுவாள் என்பது அவர் அனுபவம்.

மூன்றாவது வாரம்தான் தண்ணீர் உடம்பில் எங்கே இருக்கிறது என்ற பாடம். 70 கிலோ ஆணின் உடம்பில் ஏறத்தாழ 42 லிட்டர். அதில் 28 லிட்டர் செல்லுக்குள்ளே, 14 லிட்டர் வெளியே. அந்த 14-லும் ரத்தக் குழாய்க்குள் ஓடும் பிளாஸ்மா மூன்றரை லிட்டர்தான், மற்றது திசுக்களுக்கு நடுவே. வகுப்பு தொடங்கியதும் ஒரு கிண்ணத்தில் மாங்காய்த் துண்டுகளை உப்புப் போட்டுப் பிசறி ஓரமாக வைத்தார். பத்தரை மணிக்கு எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், துண்டுகள் சுருங்கிக் கிடந்தன. உப்பு எங்கேயோ அங்கேதான் தண்ணீர் போகும். ஊறுகாய் போடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஆஸ்மோசிஸ் என்பது அம்மாவின் ஜாடிக்குள் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே நாள் டிரிப் பைகள். இங்கே வார்டில் 500 மில்லிப் பையை எல்லாரும் 'ஒரு பைண்ட்' என்றுதான் சொல்வோம். நார்மல் சலைன் ஒரு பைண்டில் நாலரை கிராம் உப்பு. சமையல் தராசில் நாலரை கிராம் நிறுத்து, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். சுவைக்க மட்டும்தான் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். கண்ணீரின் உப்பு. டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், அதாவது சர்க்கரைத் தண்ணீர், பையில் இருக்கும்போது ரத்தத்துக்குச் சமமாகத்தான் இருக்கும். உள்ளே போனதும் உடம்பு சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், மிச்சம் வெறும் தண்ணீர், அது செல்லுக்குள்ளும் புகுந்துவிடும். பிரஷர் விழுந்து கிடக்கிறவருக்கு அதை ஓட்டினால் குழாய்க்குள் நிற்காது. சலைன் செல்லுக்கு வெளியே நிற்கும், அதிலும் கால்வாசிதான் குழாய்க்குள் தங்கும். இந்த இரண்டு பைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் தேர்வுக் கேள்வியில் இருந்தது என்று அப்போது உறைத்தது.

சொட்டுக் கணக்கும் அன்றைக்கே. 24 மணி நேரத்துக்கு 5 பைண்ட் என்று டாக்டர் எழுதினால் 2500 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 50,000 சொட்டு, அதை 1440 நிமிடத்தால் வகுத்தால் 35-க்குப் பக்கம். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, கம்பியில் தொங்கிய பையின் ரோலரைத் திருகித் திருகி, நிமிடத்துக்கு 35 விழும்வரை ஒவ்வொருவரையும் விடவில்லை. எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது.

இடையில் ஒரு கதை சொன்னார். 1971-இல் வங்காளதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா. டிரிப் பைகள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகாலனாபிஸ் என்ற வங்காள மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். இறப்பு பெருமளவு குறைந்தது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகும். கிளினிக்கில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மொத்த ரகசியமும் இதுதான். 2002-லிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். இனிப்புப் பானத்தில் சர்க்கரை அதிகம், உப்புக் குறைவு. வயிற்றுப்போக்குப் பிள்ளைக்கு அது ஈடாகாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்றவும் கூடாது. ருசிக்காகக் கூடுதல் தண்ணீர் ஊற்றும் அம்மாக்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியது நம் வேலை என்றார்.

"சோடியம் தலைக்கு, பொட்டாசியம் நெஞ்சுக்கு." நான்காவது வாரத்தில் வந்த இந்த வரிக்கே நான் 160 வெள்ளி கொடுப்பேன். சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்லுக்குள் போகும்: தலைவலி, குழப்பம், அப்புறம் வலிப்பு. நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றவும் கூடாது. 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8, மிஞ்சிப் போனால் 10 மில்லிமோல். வேகமாக ஏற்றினால் மூளை நரம்பின் உறை கெட்டுப் போகும். அப்போது நான் என் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். வெயில் நாளில் நான்கைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு வருவார், ஆனாலும் கெண்டைக்கால் இழுக்கும், தலை வலிக்கும். இன்னும் தண்ணீர் குடியுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். வியர்வையில் உப்பும் போகிறது, அப்பா ஈடு கட்டுவது தண்ணீரை மட்டும் என்றார் சிஸ்டர். பிரஷர் இருக்கிறதா, சிறுநீரகம் சரியா என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார். இல்லை என்றதும், இடைவேளையில் உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ எடுத்துப் போகச் சொன்னார். இப்போது அம்மா ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறார். இழுப்பு குறைந்திருக்கிறது.

பொட்டாசியம் வந்தபோது நான் ஆயாவின் கதையைச் சொன்னேன். சிஸ்டர் அதையே அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டார். உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்லுக்குள் இருக்கிறது. வெளியே இருப்பது துளி. அந்தத் துளி கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நல்ல சிறுநீரகம் கூடுதலை வெளியே தள்ளிவிடும், ஆயாவுக்கு அது இல்லை. பலகையில் இ.சி.ஜி. வரைந்தார். டி அலை கூடாரம் மாதிரி கூர்மையாக எழும்பி நின்றது. மிசி எதைப் பார்த்து ஓடினார் என்று ஓர் ஆண்டுக்குப் பிறகு நான் பார்த்தேன்.

லைட்டிக் காக்டெய்லையும் பிரித்துச் சொன்னார். கால்சியம் குளுகோனேட் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் நிற்கும். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும். சர்க்கரை விழுந்துவிடாமல் இருக்க அதோடு டெக்ஸ்ட்ரோஸ் 50 சதவீதம். அதற்குப் பிறகும் சர்க்கரையைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நேரம் வாங்கித் தரும். வெளியே எடுப்பது டயாலிசிஸ். "உங்க ஆயாவுக்கு மொதல்ல எந்த ஊசி போட்டாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல தங்கச்சி, அடுத்த தடவ நீதான் எடுத்துக் கொடுக்கப் போற."

பொட்டாசியம் குறைந்தவருக்கு டிரிப்பில் ஏற்றும்போது எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொன்ன குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (மருந்துக் குப்பி) நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். கலந்துதான் ஏற்ற வேண்டும், பையைக் கவிழ்த்துக் கவிழ்த்து நன்றாகக் கலக்க வேண்டும், சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகக் கூடாது, சிறுநீர் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இன்னொரு தாதி சரிபார்க்க வேண்டும். இந்த ஐந்தையும் எங்கள் கையால் எழுத வைத்து, மூடிவிட்டுச் சொல்லச் சொன்னார். சொல்ல வராதவர்களை அன்று வீட்டுக்கு விடவில்லை.

ஆயாவுக்கு உதவுகிற சில விஷயங்களும் கிடைத்தன. காய்கறியைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். சிறுநீரகம் கெட்டவர்கள் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) பழத்தைத் தொடவே கூடாது. அதில் உள்ள நச்சு மூளையைத் தாக்கும், விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு பெலிம்பிங் மரம் இருந்தது.

ஆறாவது, ஏழாவது வாரம் அமில காரம். நான் மிகவும் பயந்த பகுதி. சிஸ்டர் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். நுரையீரல், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் மாதிரி. எங்கே தப்பு நடந்தாலும் அந்த நிமிடமே சத்தம் போட்டுச் சரி செய்யப் பார்க்கும். சிறுநீரகம், கணக்கு எழுதும் கிராணி மாதிரி. கணக்கை நேராக்க இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஆனால் அழுத்தமாகச் செய்யும். ரத்தத்தில் அமிலமாகும் கார்பன் டைஆக்சைடு 35 முதல் 45, அது மண்டோரின் புத்தகம். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் 22 முதல் 26, அது கிராணியின் புத்தகம். பி.எச். (குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்க வேண்டும். முதலில் பி.எச். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார். அப்புறம் எந்தப் புத்தகம் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார், தப்பு அங்கே. மற்றப் புத்தகம் ஈடு கட்டுகிறதா என்பது கடைசியில்.

பலகையில் ஒரு ரிப்போர்ட்: பி.எச். 7.29, கார்பன் டைஆக்சைடு 28, பைகார்பனேட் 13. இன்சுலினை நிறுத்திவிட்ட இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள பெண். பைகார்பனேட் தரையில் கிடக்கிறது, தப்பு அங்கே. கார்பன் டைஆக்சைடு குறைந்தது நுரையீரலின் உதவி. ஆழமாக, வேகமாக மூச்சு விட்டு அமிலத்தை வெளியே ஊதுகிறது. அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று சிஸ்டர் செய்து காட்டினார். பிறகு எங்களையும் செய்யச் சொன்னார். ஒரு நிமிடம் ஆகவில்லை, என் பக்கத்தில் இருந்த பெண் "சிஸ்டர், விரல் மரத்துப் போகுது" என்றாள். உடனே நிறுத்தச் சொல்லி, மெதுவாக மூச்சு விட வைத்து, அவள் கையைப் பிடித்துத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். அந்த நோயாளியின் உடம்பில் அமிலம் இருந்தது, ஊதினார். இவள் உடம்பில் கூடுதல் அமிலம் இல்லை, ஆனாலும் ஊதினாள். அதனால் ரத்தம் காரப் பக்கம் போனது. காரமானால் ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நரம்பு துடிக்கும், விரல் மரக்கும். ஒரே மூச்சு, ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொரு உடம்புக்கு நோய். இதை ஒரு ஸ்லைடில் படித்திருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

நாற்பது வருஷம் சிகரெட் பிடித்த பெரியவரின் ரிப்போர்ட் 7.33, 60, 31. கிராணி பல நாளாக ஈடு கட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. இவருக்கு ஆக்சிஜனை வாரி வழங்கக் கூடாது, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதத்தில் நின்றால் போதும். மூன்று நாளாக வாந்தி எடுத்தவருடையது 7.50, 46, 35. வயிற்று அமிலம் வெளியே போய்விட்டது, பொட்டாசியமும் கூடவே போயிருக்கும், அதைத் தேடிப் பார். வயிற்றுப்போக்கு இதற்கு நேர் எதிர், அங்கே பைகார்பனேட் போகும். இப்படி நாற்பது ரிப்போர்ட் போட்டோம். இருபதாவதுக்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும், 160 வெள்ளி தோட்டத்து வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் கடைசி வாரத்தின் கடைசி முக்கால் மணி நேரத்தில் அவசரமாக முடிந்தன. பிரசவ வார்டில் மெக்னீசியம் ஏற்றும்போது முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் மூன்றையும் பார், மிஞ்சினால் முறிக்கும் மருந்து கால்சியம் குளுகோனேட் என்று சொன்னார், அவ்வளவுதான். அதற்கு ஒரு முழு ஞாயிறு கொடுத்திருக்க வேண்டும். அனயன் கேப் (ரத்த உப்புகளின் கணக்கில் வரும் இடைவெளி) டாக்டர்களுக்கு என்று விட்டுவிட்டார்; என் மறுதேர்வில் அதில் ஒரு கேள்வி வந்தது. கையெழுத்து நோட்ஸின் ஜெராக்ஸ் பல தடவை பிரதி எடுத்துத் தேய்ந்திருக்கிறது. என் தாளில் பொட்டாசியம் 3.5 என்பது 8.5 போலத் தெரிந்தது. எண்ணே உயிராக இருக்கும் பாடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நான் சொன்னதும் சிஸ்டர் எல்லார் தாளிலும் பேனாவால் திருத்தினார், ஆனால் புதிதாக டைப் செய்து அச்சடிப்பதுதான் சரி. அறையில் இரண்டு ஃபேன் மட்டும், பதினொரு மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் உட்கார முடியாது. பாடம் தமிழில் நடக்கிறது, தேர்வு ஆங்கிலத்தில். ஒவ்வொரு இரவும் கலைச்சொல்லை நானே எழுதி ஒப்பிட வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்ட ஒருத்தி தேர்வில் தடுமாறினாள்.

ஈப்போவில் மூன்று நாள் தேர்வுப் பயிற்சி ஒன்றுக்கு என் வகுப்புத் தோழி 450 வெள்ளி கட்டிப் போனாள். ஏர்கான் அறை, அச்சடித்த புத்தகம், இருநூறு கேள்விகள். கேள்விக்கு விடை தேர்ந்தெடுப்பதில் அவள் என்னைவிட வேகம். தேர்வு அடுத்த வாரம் என்றால் அங்கே போவதில் தப்பில்லை. இரண்டு மூன்று மாதம் கையில் இருந்தால், வார்டில் நிற்கப் போகிறவர்கள் இந்த மாடிக்கு வர வேண்டும் என்பேன்.

டெங்கிக்கு ஒதுக்கிய ஐந்தாவது ஞாயிற்றைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் பயன்படுத்திவிட்டேன். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்றார். ரத்தக் குழாய் கசியத் தொடங்கும். தண்ணீர் உடம்பிலேயே இருக்கும், ஆனால் குழாய்க்குள் இருக்காது. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், சிறுநீர் குறையும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, ஆள் சோர்ந்து போவார். ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று அந்தத் தண்ணீர் திரும்ப வரும். அப்போதும் டிரிப்பைக் குறைக்காமல் ஓட்டினால் நுரையீரலில் தேங்கும். பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே, ஹீமட்டோக்ரிட்டையும் சிறுநீர் ஜாடியையும் பார்.

போன மாதம் வார்டுப் பயிற்சியில் எனக்குக் கொடுத்த நோயாளி 58 கிலோ இளைஞர், காய்ச்சல் விட்டு முதல் நாள். அவர் அம்மா சந்தோஷமாக இருந்தார். போன் பார்த்துக்கொண்டு, நல்லா இருக்கேன் மிசி என்றார் அவரும். நான்கு மணி நேரத்துச் சிறுநீரை நானே ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். 70 மில்லி. 116 இருக்க வேண்டும். மறுபடியும் ஜாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன், 70தான். ஸ்டாஃப் நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து கையைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. ரத்தம் எடுத்தார்கள். காலையில் 42 இருந்த ஹீமட்டோக்ரிட் 48 ஆகியிருந்தது. டாக்டர் வந்து டிரிப்பை மாற்றி எழுதினார். மாலை ஆறு மணிக்கு என் வேலை முடிந்து கிளம்பும்போது ஜாடியில் 90 மில்லி இருந்தது, இரண்டு மணி நேரத்தில்.

அடுத்த தொகுதி தீபாவளி கழித்துத் தொடங்கும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார், பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டார். முதல் நாளே ஆளுக்கு ஓர் அளவு ஜாடி கொண்டு வரச் சொல்வார். டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடையிலேயே கிடைக்கும். கோடு ஸ்டிக்கரில் ஒட்டியதாக இருந்தால் வாங்காதீர்கள், இரண்டு கழுவலில் உரிந்துவிடும்; பிளாஸ்டிக்கிலேயே எண் பதித்ததாகப் பார்த்து எடுங்கள்.